காப்புக் கட்டிய தவளையும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வும்

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளே ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. "மேடம், நாங்க இப்பல்லாம் தவளை அறுக்கறதே இல்ல. படம் காட்டி, சிலைடு காட்டி முடிச்சிடறோம். அந்தக் காலத்துல இத்தனை தவளைக்கு எங்க போனாங்கன்னு பிள்ளைங்க கேக்கறாங்க. ஒரு நாள் வந்து பேசுங்களேன்" என்றாள்.

பேசப் போனால் சிரித்துக் கெடுத்துவிடுவேன். எங்கள் பள்ளியின் முதல் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்த அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அடக்க முடிவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் பழையசீவரத்துக்காரி. மலைக்கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் நறுக்குவதற்கு முன்னால்கூட அம்மா உள்ளே புழு இருந்து செத்துவிடப் போகிறதே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்த வீட்டிலிருந்து விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கப் போனேன். சென்னையில் ஹாஸ்டல், பிறகு பி.எட்., பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. எண்பதுகளின் தொடக்கத்தில் மானாம்பதி போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆணை வந்தது. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். தவளை அறுத்த வாரத்தில் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வீடு திரும்பினால் அம்மா வாசலில் ஏற விடமாட்டாள். "கொல்லை வழியா வா, எதையும் தொடாதே, நேரா தொட்டிக்குப் போ" என்பாள். நான் வேண்டுமென்றே கையை நீட்டிக்கொண்டு அவளைத் துரத்துவேன்.

பள்ளியின் தலைமையாசிரியர் துரைக்கண்ணு ஐயா. ஒல்லியாக, உயரமாக, காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல இருப்பார். யாரையும் கடிந்து பேசமாட்டார். லேப் அட்டெண்டர் பெருமாளையும் "பெருமாள் சார்" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் துடைப்பார். "விதி என்ன சொல்லுது, மேடம்?" என்று நம்மையே கேட்பார். நாம் முழிப்போம். துடைத்து முடித்து மாட்டிக்கொண்ட பிறகு விதியை அவரே சொல்லுவார். ஒருநாள் பள்ளிக்குள் மாடு புகுந்துவிட்டது. "ஐயா, மாடு" என்று ஓடினேன். கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைத்து முடிப்பதற்குள் மாடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நான் சேர்ந்தபோதுதான் அந்த உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆகியிருந்தது. பிளஸ் டூ என்ற சொல் பட்டணத்தில் பழகிப்போய்ச் சில வருஷம் ஆகியும் எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் பதினோரு வருஷம். பதினோராவது முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் வேண்டுமானால் காலேஜுக்குப் போய் பி.யூ.சி. என்று ஒரு வருஷம், பிறகு டிகிரி. எழுபதுகளின் கடைசியில் இதை மாற்றினார்கள். பத்தாவதிலேயே எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்திலேயே படித்து இன்னொரு அரசாங்கத் தேர்வு எழுத வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஏகாம்பரத்திடம் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

ஏகாம்பரம் அந்த ஊரில் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்தவர். குரல் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும். அந்தக் காலத்தில் பத்தாவது முடித்துவிட்டு, அப்பா தவறிப்போனதால் பதினோராவதுக்குப் போகாமல் ஏர் பிடித்தவர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்து நின்றார்.

"சார், நானு பத்தாவது பாஸு. இப்போ கவுருமெண்ட்டுல பத்தாவதுதான் எஸ்எஸ்எல்சின்னு சொல்டாங்க. அப்போ நானும் எஸ்எஸ்எல்சிதானே? சர்டிவிகேட்ட குடு, வாங்கிக்கினு போறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துரைக்கண்ணு ஐயா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "ஏகாம்பரம் சார், நீங்க படிச்ச பத்தாவது பள்ளிக்கூடத்துப் பரீட்சை. உங்களைத் தெரிஞ்ச வாத்தியாரே திருத்தினார். இப்போ பத்தாவது அரசாங்கப் பரீட்சை. உங்களைத் தெரியாத ஒருத்தர் எங்கேயோ உக்காந்து திருத்தணும். வகுப்பு ஒண்ணுதான், பரீட்சை வேற."

"தெரியாதவனுக்கு என்னைப் பத்தி இன்னா தெரியும்?"

"தெரியக் கூடாது. அதுதான் விதி."

ஏகாம்பரம் தட்டை மேசைமேல் வைத்தார். "சரி, அது போவட்டும். அந்தப் பதினொண்ணாவது எங்க போச்சி? யாரு துன்னது அத்த?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். பதினொன்றில் ஒன்றைக் கழித்தார்கள், காலேஜில் இருந்த அந்த ஒரு வருஷத்தையும் எடுத்துவிட்டார்கள், இரண்டையும் சேர்த்துத்தான் இந்த இரண்டு வருஷம், ஆகக்கூடி முன்பும் பன்னிரண்டு, இப்போதும் பன்னிரண்டு என்று கரும்பலகையில் எழுதுவதுபோலக் காற்றில் எழுதிக் காட்டினேன். மனிதர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பட்டணத்துல போய்ப் படிக்கிற வருசத்த நம்ம ஊருக்கே இட்டுகினு வந்துட்டாங்கோ" என்றார்.

இவ்வளவு சுருக்கமாக எங்கள் துறையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த மாதமே தன் மகள் கன்னியம்மாவைப் பிளஸ் ஒன்னில் சேர்த்தார். உயிரியல் பிரிவு. பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் பெண் அவள்தான். ஆனால் சேர்க்கும்போதே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "டீச்சர், ஊர்லயே கீது, அதனால படிக்கட்டும். ஒரே தபாதான். பெயிலானா அக்டோபர் பரீட்ச கிரீட்சன்னு வந்து நிக்கக் கூடாது. பாஸானாலும் இதோட சரி. மேல பேச்சு கெடையாது."

கன்னியம்மாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அவள் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பேசிக்கொண்டே ஊசி போட்டதைப் பார்த்திருக்கிறாள். "அம்மாவுக்கு ஊசி போட்டதே தெரியல டீச்சர். எனக்கு அந்த மாதிரி கை வேணும்" என்பாள். நர்ஸ் பயிற்சிக்குப் பிளஸ் டூவில் உயிரியல் தேற வேண்டும். உயிரியலில் செய்முறைத் தேர்வுக்கு ஒரு பங்கு மதிப்பெண். அதில் பெரிய பங்கு தவளைக்கு. ஆகவே அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு தவளையின் மேல் நின்றது. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்பார்கள்.

இரண்டு வருஷம் அவர்களைத் தயார் செய்தேன். கைத்தொழில் அறையைத்தான் ஆய்வகம் ஆக்கியிருந்தார்கள். தட்டுகளில் மெழுகை உருக்கி, விளக்குக் கரியைக் கலந்து ஊற்றி, ஆறவிட்டோம். கறுப்பு மெழுகின் மேல் வைத்தால்தான் ரத்தக் குழாய்கள் நன்றாகத் தெரியும். தவளையைக் குளோரோஃபார்ம் ஜாடியில் போட்டு மயக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து, நான்கு கால்களையும் குண்டூசியால் மெழுகில் குத்தி, தோலை முதலில், தசையைப் பிறகு என்று அறுக்க வேண்டும். மேல் நெஞ்செலும்பை வெட்டும்போது கத்தரியின் நுனி மேல்நோக்கி இருக்க வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கினால் ரத்தம் பொங்கிவிடும், அதோடு மதிப்பெண்ணும் போகும். ஒவ்வொரு குழாய்க்கும் துடைப்பக் குச்சியில் காகிதம் ஒட்டிப் பெயர்க்கொடி குத்த வேண்டும். கன்னியம்மாவின் கை நடுங்கவே நடுங்காது. மற்ற பிள்ளைகள் அவள் அறுப்பதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. தேர்வு நெருங்கும்போது ஏரியில் வெடிப்புதான் இருந்தது. தவளை எல்லாம் சேற்றுக்கடியில் போய்விட்டன. ஊரில் தவளை இருந்த ஒரே இடம் ஏகாம்பரத்தின் கிணறு. நானும் பெருமாளும் போய்க் கேட்டோம். ஊர்க்காரர்களும் அங்கே கூடியிருந்தார்கள்.

"தவள கத்தினாத்தான் மய வரும்" என்றார் ஏகாம்பரம். "கீற தவளைய எல்லாம் நீ புள்ளைங்க கையில குடுத்து அறுக்க வெச்சினா அப்பறம் யாரு கத்தறது? எச்செம்மு கத்துவாரா?"

மழைக்காகத் தவளைக் கல்யாணம் நடத்த ஊர் தீர்மானித்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கிணற்றுத் தவளைகள்தான். கிணறு அவருடையது என்பதால் ஏகாம்பரம்தான் பெண் வீட்டுக்காரர். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை. செய்முறைத் தேர்வும் அதே வெள்ளிக்கிழமை காலை. முகூர்த்தத்தைப் பூசாரி குறித்தார், தேர்வை அரசாங்கம் குறித்தது. இரண்டையும் மாற்ற எங்களால் முடியாது.

நான் கெஞ்சிப் பார்த்தேன். தவளை இல்லாவிட்டால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் கன்னியம்மா ஃபெயில் என்றேன். ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டே கிணற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது, ஒரே பேஜாரா பூட்ச்சி" என்றார். கடைசியில் ஊர் ஒரு வழிக்கு வந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தவிர மற்ற தவளைகளைப் பள்ளிக்குத் தருவார்கள், கிணற்றுக்கென்று கொஞ்சம் விட்டுவைத்து. பதிலுக்குக் கல்யாணம்வரைக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பள்ளி பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"வூட்டுல வெச்சா பூன கவ்விக்கினு பூடும். உங்க ரூமுக்குத்தான் பூட்டு கீது" என்றார் ஏகாம்பரம்.

துரைக்கண்ணு ஐயாவிடம் அனுமதி கேட்டேன். அன்றைக்குத் துடைத்ததுபோல அவர் கண்ணாடியை என்றைக்கும் துடைத்ததில்லை. "தவளைக்கு இடம் கொடுக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லை, மேடம்" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஆய்வகத்துக்கே வந்து நலங்கு வைத்தார்கள். எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே கோலம் போட்டார்கள். பெண் தவளைக்கும் மாப்பிள்ளைத் தவளைக்கும் மஞ்சள் பூசி, பின்னங்காலில் மெல்லிய மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டினார்கள். ஒரு கிழவி தன் பேத்தியைச் சொல்வதுபோல "கண்ணு எவ்ளோ பெருசு பாரு" என்று பெண்ணைத் திருஷ்டி கழித்தாள். இருவரையும் ஈர மணல் போட்ட பானையில் விட்டு வாயைத் துணியால் வேடு கட்டினார்கள். தேர்வுத் தவளைகள் பக்கத்துப் பானையில் இருந்தன. ஆளுக்கு ஒன்று, அவசரத்துக்கு உபரியாக ஒன்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெருமாள் வந்து பார்த்திருக்கிறான். தேர்வுப் பானையில் விரிசல் விட்டு ஈரம் எல்லாம் தரையில். அவன் பயந்துபோய் எல்லாவற்றையும் கல்யாணப் பானைக்குள் கொட்டிவிட்டான். "ஒரே தண்ணியில கெடக்கட்டும், நூலப் பாத்துப் பிரிச்சிக்கலாம்னு நெனச்சேன் மேடம்" என்றான் பிறகு. பெண்டுகள் பொழுதோடு வந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேட்டபோது அவன் உள்ளே கையை விட்டால் அத்தனை தவளையும் மஞ்சள். எல்லாமே மணமக்கள். மாப்பிள்ளையின் நூல் கைக்குத் தட்டுப்பட்டது. பெண்ணின் நூல் தட்டுப்படவில்லை. இருந்ததிலேயே பெரிய கண்ணாக ஒன்றைப் பார்த்து, "இதான் பொண்ணு, நூலு அவுந்துடுச்சி போல" என்று கொடுத்து அனுப்பிவிட்டான். பானையை அவன் திரும்ப மூடுவதற்குள் உபரித் தவளை ஜன்னல் வழியாகப் போய்விட்டது. இவ்வளவையும் அவன் அப்போது எனக்குச் சொல்லவில்லை.

புறத்தேர்வாளர் காலை முதல் பஸ்ஸில் வந்தார். எக்ஸ்டர்னல் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர், எங்கள் பிள்ளைகள் ஒருவரையும் தெரியாதவர். அகத்தேர்வாளர் நான். இரண்டு பேரும் சேர்ந்துதான் மதிப்பெண் போட வேண்டும். அவர் கைச் சுத்தத்துக்குப் பேர் போனவர். காபி வேண்டாம், இளநீர் வேண்டாம், எங்கள் ஊர்த் தண்ணீரும் வேண்டாம். தன் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். நாற்காலியில் உட்காரும் முன் அதையும் சந்தேகத்தோடு பார்த்தார். துரைக்கண்ணு ஐயா தேர்வு நாளுக்கென்றே வைத்திருந்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். அவர் நடந்தால் முன்னால் பாச்சை உருண்டை வாசனை வரும்.

பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். கன்னியம்மாவுக்குத் தவளையின் தமனி மண்டலம். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது. அதுதான் அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வது. பெருமாள் ஜாடியிலிருந்து ஒவ்வொரு தவளையாக எடுத்துத் தட்டில் வைத்தான். எக்ஸ்டர்னல் ஒன்றைக் குனிந்து பார்த்தார்.

"உங்க ஊர்த் தவளை ஏன் மஞ்சளா இருக்கு?"

"தண்ணி அப்படி சார்" என்றேன். அதற்கு மேல் சொன்னால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

வெளியே பம்பை சத்தம் கேட்க ஆரம்பித்தது. பள்ளி மதிலை ஒட்டித்தான் அம்மன் கோயில். கல்யாணம் தொடங்கிவிட்டது. எக்ஸ்டர்னல் நிமிர்ந்து பார்த்தார். "அது என்ன?" என்றார். "கல்யாணம் சார்" என்றேன். யார் கல்யாணம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கன்னியம்மா முன்னங்கால்கள் இரண்டையும் குத்தினாள். ஒரு பின்னங்காலை நீட்டிக் குத்தினாள். மற்ற காலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கையைத் தூக்கினாள். நான் போனேன். தொடை மடிப்புக்குள் மஞ்சள் நூல் இருந்தது.

"டீச்சர், இது நம்ம பொண்ணு" என்றாள் மெதுவாக. முகம் வெளுத்துவிட்டது. "நைனாதான் காப்பு கட்டச் சொல்லி நூலு முறுக்கிக் குடுத்தாரு. எனக்கு நல்லா தெரியும்."

"அறு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் அறுத்திருக்கமாட்டாள். அதற்குள் எக்ஸ்டர்னல் வந்துவிட்டார். "அகத்தேர்வாளர் தேர்வரோட பேசக் கூடாது" என்றார். அந்தக் காப்பு நூல் எதற்கென்று நான் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவங்களுக்கு வந்த தவளை அது. அறுத்தா மார்க், அறுக்கலைன்னா இல்லை" என்றார்.

கன்னியம்மா அழவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தவளையை எடுத்துக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டாள். எல்லோரும் கத்தரியோடு இருந்த இடத்தில் அவள் மட்டும் ஒரு தவளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மார்க் போகிறது, வருஷம் போகிறது, நர்ஸ் பயிற்சி போகிறது என்று நான் கணக்குப் போட்டேன். கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தவளையின் தொண்டை மேலும் கீழும் ஆடியது. கண்ணைத் திறந்தது. ஒரு காலை உதைத்தது. அடுத்த நொடி கன்னியம்மாவின் கையிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து எக்ஸ்டர்னலின் மதிப்பெண் தாளுக்கும் தாவியது. தாளில் ஈரமாக நான்கு மஞ்சள் பாதம்.

துரைக்கண்ணு ஐயா வாசலில் நின்றிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ, இப்போதுமா துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார்.

"விதி என்ன சொல்லுது, சார்?" என்று எக்ஸ்டர்னலைக் கேட்டார். "உணர்வுள்ள பிராணியைத் தேர்வருக்குக் கொடுக்கக் கூடாது. சரியா மயங்காத தவளை பழுதான தவளை. பழுதுன்னா தேர்வு மையம் வேற ஒண்ணு கொடுக்கணும்."

எக்ஸ்டர்னல் தாளின் மேல் உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்தார். அது உணர்வோடு இருக்கிறதா என்பதில் அவருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. "கொடுங்க. ஆனா நேரம் நீட்டமாட்டேன்" என்றார்.

கொடுக்கத் தவளை இல்லையே. பெருமாள் அப்போதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். துரைக்கண்ணு ஐயா அவனைத் திட்டவில்லை. "பெருமாள் சார், இங்கேயே இருங்க" என்றார். பிறகு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். கறுப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் பறக்க, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மதிலை நோக்கி ஓடினார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"ஏகாம்பரம் சார்" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டார். "உங்க பொண்ணு இங்கே இருக்கு."

"எந்தப் பொண்ணு?"

"ரெண்டும்."

பம்பை நின்றது. ஐயா விவரம் சொன்னார். பூசாரி தாலி கட்டி முடித்திருந்தார். காப்பு இல்லாத தவளைக்குக் கட்டியாகிவிட்டது. ஊரே ஒரே நேரத்தில் பேசியது. கல்யாணத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்றார் ஒருவர். தாலியை அவிழ்ப்பது அபசகுனம் என்றார் இன்னொருவர். அந்தக் காப்புக் கட்டிய தவளையை இப்போது என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏகாம்பரத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "தாலி ஏறினது ஏறினதுதான். இனிமே அதான் பொண்ணு. நீ அடிடா மோளத்த." பிறகு ஐயாவைப் பார்த்து, "எம்பொண்ணு இன்னா பண்ணிக்கினு கீறா?" என்றார்.

"காப்புக் கட்டினதை அறுக்கமாட்டேன்னுட்டாங்க. வேற தவளை இல்லைன்னா மார்க் இல்லை."

"மார்க்கு இல்லன்னா?"

"ஃபெயில்."

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டினார். பட்டு அங்கவஸ்திரத்தைப் பக்கத்தில் நின்றவர் தோளில் போட்டார். பெண் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் செய்ய வேண்டிய நேரத்தில் கழனிப் பக்கம் ஓடினார். பூசாரி தட்டில் அட்சதையோடு அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். கிணற்றுப் படியில் இறங்கிப் போக அவருக்குப் பொறுமை இல்லை. குதித்தேவிட்டார்.

உள்ளே மற்ற பிள்ளைகள் கொடி குத்தத் தொடங்கியிருந்தார்கள். கன்னியம்மா வெறும் தட்டின் முன்னால் நின்று கத்தரியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். பயமும் சிரிப்பும் ஒரே சமயத்தில். அப்படி ஒரு அவஸ்தை எனக்குப் பிறகு வந்ததில்லை.

ஏகாம்பரம் சொட்டச் சொட்ட ஆய்வக வாசலுக்கு வந்தார். தலையில் பாசி. முழங்கை சிராய்த்து ரத்தம். இரண்டு கையையும் பொத்திப் பிடித்திருந்தார். துரைக்கண்ணு ஐயா குறுக்கே நின்றார். "வெளியாட்கள் தேர்வறைக்குள் வரக் கூடாது" என்றார்.

"நானு வரல சார். இத்த மட்டும் உள்ள வுடு. இது கல்யாணத்துக்கு வராத தவள. காப்பு இல்ல, மஞ்சா இல்ல, ஒண்ணும் இல்ல. என் கண்ணால பாத்துட்டேன்."

ஐயா வாழ்நாளில் தவளையைத் தொட்டவர் இல்லை. ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கோட்டுப் பையை விரித்துக் காட்டினார். ஏகாம்பரம் தவளையை அதற்குள் விட்டார். தலைமையாசிரியர் துள்ளுகிற பையை மேலே பொத்திக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், தேர்வறைக்குள் நிதானமாக நடந்து வந்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். எக்ஸ்டர்னலின் உதட்டோரம் கூடக் கொஞ்சம் துடித்தது. சத்தியமாகப் பார்த்தேன்.

ஜாடியின் அடியில் மிச்சமிருந்த குளோரோஃபார்மில் தவளை மயங்கியது. எக்ஸ்டர்னல் தாமே காலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கன்னியம்மா குத்தினாள். அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. தோல், தசை, மேல்நோக்கிய கத்தரி, எலும்பு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கடைசிக் கொடியைக் குத்தினாள். மணி அடித்தது.

எக்ஸ்டர்னல் வெகுநேரம் குனிந்து பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே மதிப்பெண் போட்டார். அதைச் சொல்லக் கூடாது, விதி. அவர் போட்டதைப் பார்த்து நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன் என்று மட்டும் சொல்லலாம். துரைக்கண்ணு ஐயா அரக்கை உருக்கி உறையை மூடி முத்திரை வைக்கும்போது அந்தத் தாளில் மஞ்சள் பாதம் அப்படியே இருந்தது.

மழையைப் பற்றிக் கேட்பீர்கள். மழை தன் பாட்டுக்கு ஆனி மாதத்தில் வந்தது. தாலி கட்டிய தவளையால் வந்தது என்று ஒரு கட்சி, காப்புக் கட்டிய தவளையை அறுக்காமல் விட்டதால் வந்தது என்று இன்னொரு கட்சி. காப்புக்காரியை அன்றைக்கே கற்பூரம் காட்டிக் கிணற்றில் விட்டார்கள். எக்ஸ்டர்னல் கடைசியில் கோயிலில் கொடுத்த பானகத்தைக் குடித்தார். அது பிரசாதம், உபசாரம் இல்லை என்று துரைக்கண்ணு ஐயா விதி சொன்னார்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. தேர்வு முடிந்து கதவைத் திறந்தோம். கன்னியம்மா வெளியே வந்தாள். ஏகாம்பரம் ஈர வேட்டியோடு அங்கேயே நின்றிருந்தார். இவ்வளவு நேரமும் கோயில் பக்கம் போகவே இல்லை.

"இன்னா ஆச்சி?" என்றார்.

"நைனா, ஹார்ட்டு இன்னும் துடிச்சிக்கினு கீது. வந்து பாரு."

இனி வெளியாட்கள் வரலாமா என்று ஐயாவைப் பார்த்தேன். அவர் வழியை விட்டு விலகி நின்றார். ஏகாம்பரம் கால் சகதியை வாசலில் தேய்த்துவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல மெதுவாக வந்தார். தட்டின் மேல் குனிந்தார். கறுப்பு மெழுகில் அந்தச் சின்ன இதயம் விட்டு விட்டுத் துடித்தது. கன்னியம்மா ஒரு ஊசியைப் பிடித்து, எந்தக் குழாய் வழியாக ரத்தம் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் அவள் சொல்வதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஊசி பிடித்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் கேட்கிற குரல் எங்கேயோ போய்விட்டது.

"நீயா அறுத்த?" என்றார்.

"ஆமா நைனா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது கிணற்றுத் தண்ணீர் என்று நான் நினைத்ததாக இருக்கட்டும் என்று வேறு பக்கம் பார்த்தேன்.

"டீச்சர்" என்றார். "இந்த நர்சு படிப்பு எத்தினி வருசம்?"

"மூணு வருஷம்."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"சரி. கெணத்துல இன்னும் மூணு தவள கீது, வருசத்துக்கு ஒண்ணு. அத்த யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெக்கிறேன்" என்றார்.